முழங்கால் சாட்சி

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாஸ்டருக்குப் பிறவியிலேயே வராத வித்தை. பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டக் கற்க வந்தவர் யோசித்து முடிப்பதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துப் பழகிய மனுஷர் அவர். சனிக்கிழமை மாலை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அறையில் வாலிபர்களோடு உட்காரும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வரும். யாராவது வாயைத் திறந்து "அது வந்து அங்கிள்..." என்று இழுத்தால் போதும். ஒரே மிதியில் நிறுத்திவிட்டுப் பதிலை இவரே சொல்லிவிடுவார்.

"பிரசங்கம் வேண்டாம் மாஸ்டர். அதை ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்," என்று போதகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "நீங்க பேச்சுக் குடுங்க, அது போதும். அவங்க பேசட்டும். இந்த வயசுப் பிள்ளைங்க கேட்டு நம்பறதில்ல, பேசிப் பேசித்தான் நம்புவாங்க."

பேசினால்தானே! தொடக்கத்தில் நாற்காலி போதாமல் பெஞ்சை இழுத்துப் போட்ட கூட்டம், மாஸ்டரின் பராமரிப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இளைத்துப்போயிற்று. மிஞ்சியவர்களில் ஒருவன், உள்ளே நுழைந்ததும் கடவுளைத் தேடுவதற்கு முன்னால் பிளக் பாயிண்டைத் தேடுவான். அவனுக்கு சார்ஜர் என்றே பெயர். இன்னொருத்தி எதைக் கேட்டாலும் "கரெக்ட்" என்பாள். பாவம் என்றால் என்ன என்று கேட்டாலும் கரெக்ட், பரலோகம் எங்கே இருக்கிறது என்று கேட்டாலும் கரெக்ட். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் சங்கையாவது பார்ப்பான், இதுகள் அதையும் பார்ப்பதில்லை என்று மாஸ்டர் வீட்டில் புலம்புவார்.

மூன்றாவதாக வருகிறவள்தான் முக்கியம். அவள் மச்சான் மகள். மாஸ்டருடைய மனைவியின் அண்ணன் பெற்ற பெண். செருப்புக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததே ஓர் அதிசயம். ஏன் அதிசயம் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் மாஸ்டராக இருக்கவில்லை. தொலைதூர பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் ராஜா. அப்போது மச்சான் புதிதாக ஒரு பழைய கார் வாங்கினார். "வா மாப்ள, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். ஊரையே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அன்றைக்கு ஒருநாள் உட்கார்ந்து போக ஆசை. போனார். வழியில் மச்சானின் ஃபோன் முனகியது. மச்சான் ஒரு கண் பார்த்தார். அவ்வளவுதான், கார் போய்ச் சுவரில் மோதியது. மச்சானுக்கு ஒரு கீறல் இல்லை. மாஸ்டரின் இடது முழங்கால் தூள். கல்லுப்போல இருக்கும் பஸ் கிளட்சை நாள் முழுக்க மிதிக்க அந்தக் காலால் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் போயிற்று. கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து எரிச்சல்படும் வேலைதான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, கைத்தடியோடு எழுந்து நின்று, "என் காலை ஒடச்சவரை நான் மன்னிச்சுட்டேன்" என்று சபை நடுவே சாட்சி சொன்னார். சபையே அழுதது. ஆர்கன் வாசிக்கிற பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து அழைப்புக்குக் குறைவில்லை. வீட்டுக் கூட்டம், பெண்கள் கூட்டம், பக்கத்துச் சபை, அதற்குப் பக்கத்துச் சபை. ஐந்து நிமிஷமாக இருந்த சாட்சி அரைமணி நேரமாயிற்று. சொல்லச் சொல்ல அந்தச் சுவரும் உயர்ந்துகொண்டே போயிற்று. மச்சானின் பெயரை மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டார். "எனக்கு ரொம்ப நெருங்கின சொந்தக்காரர் ஒருத்தர்" என்று நிறுத்திக்கொள்வார். அந்த நாகரிகத்துக்காகத் தன்மேலேயே அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. பஸ் போன பிறகு நாலு பேர் அவரை நிமிர்ந்து பார்த்தது அந்தக் கதைக்காகத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையில் மச்சான் சர்ச்சுக்கு வருவதை விட்டார். பிறகு தங்கை வீட்டுக்கு வருவதையும் விட்டார். கூப்பிட்டால் "கடையில ஆள் நிக்குது" என்பார். மாஸ்டரின் மனைவி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் மகளைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வர வைத்தது அவள்தான். "அந்தப் புள்ள வந்தா அண்ணனும் வந்துடும். தயவுசெஞ்சு கெடுத்துடாதீங்க," என்று மாஸ்டரிடம் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீடு திரும்பினால் அவள் கேட்கும் முதல் வார்த்தை, "வந்தாளா?"

வந்தாள். வந்து, மூலையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் போவாள்.

இந்தச் சனிக்கிழமைத் தலைப்பு மன்னிப்பு. அடுத்த வாரம் வாலிபர் கூடுகை இருந்தது. பல சபைகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், மாஸ்டரின் சாட்சிதான் அதில் முக்கிய நிகழ்ச்சி. நோட்டீஸில் போடத் தலைப்பு கேட்டு போதகர் ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஓர் ஒத்திகைபோல ஆகட்டும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார்.

"உங்களுக்கு ஒருத்தர் துரோகம் பண்ணிட்டாங்கன்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பிளாக் பண்ணிடுவேன் அங்கிள்," என்றான் சார்ஜர், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரெக்ட்."

"கரெக்ட் இல்லம்மா! தப்பு! அதுதான் தப்புன்னு சொல்லத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்!" மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தண்ணீர் குடித்து அதை விழுங்கினார்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "மாமா, எனக்கு ஒரு சந்தேகம்."

மச்சான் மகள்! வீட்டுக்குப் போய் 'பேசினாள்' என்று சொன்னால் மனைவியின் முகம் எப்படி மலரும் என்று அந்த நொடியிலேயே நினைத்துப் பார்த்துவிட்டார்.

"கேளும்மா, கேளு!"

"மன்னிச்சுட்டோம்னு நமக்கு எப்படித் தெரியும்? அதாவது, மன்னிச்சதா நாம நினைச்சுக்கிட்டிருப்போம், ஆனா உள்ளுக்குள்ள..."

அவள் இன்னும் முடிக்கவில்லை. எங்கே போகிறாள் என்று ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்திருக்கலாம். மாஸ்டர் மிதித்துவிட்டார் பிரேக்கை.

"நல்ல கேள்வி! அதுக்கு என் வாழ்க்கையே சாட்சி!" என்று ஆரம்பித்தார். யார் முன்னால் சொல்கிறோம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும், இப்படி ஒருவர் நம் அப்பாவை மன்னித்திருக்கிறாரே என்று கண் கலங்குவாள் என்று மனதார நம்பினார். மனுஷனின் புத்தி போகிற போக்கைப் பாருங்கள். பஸ் வந்தது, கார் வந்தது, ஃபோன் வந்தது, ஆளை விழுங்கும் உயரத்தில் சுவர் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த நெருங்கின சொந்தக்காரரை நான் முழு மனசோட மன்னிச்சேன்" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தச் சுவர் இடுப்பளவுதான் மாமா இருக்கும்," என்றாள் அவள். "நான் பாத்திருக்கேன்."

சார்ஜர் தலையைத் தூக்கினான். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"சுவரா முக்கியம்? நான் சொல்ல வந்தது..."

"அப்பா ஏன் சர்ச்சுக்கு வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? ஒருநாள் வாசல்ல, அப்பாவுக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையைக் குடுத்துட்டு, 'நீங்கதானே அந்த முழங்கால்?'னு கேட்டார். அப்பா அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துட்டார். நீங்க பேரைச் சொல்ல மாட்டீங்க, வாஸ்தவம்தான். ஆனா இப்ப அவர் பேரே முழங்கால்தான்." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் மாஸ்டருக்குச் சமாளிக்க வசதியாக இருந்திருக்கும். "கடவுள் மன்னிச்சா அதைத் திரும்ப நினைச்சுக்கூடப் பாக்க மாட்டார்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்கிட்டிருப்பார்னு சொல்லலையே."

அந்த 'கரெக்ட்' பெண் வாயைத் திறந்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

"காலை இழந்தவன் நானா உங்கப்பனா?" என்று கத்திவிட்டார்.

"நீங்கதான் மாமா. அதை யாரும் இல்லன்னு சொல்லலையே." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வருவியா?"

"தெரியல மாமா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். மருந்துக் கடை வேலை முடிந்து வந்தவள், உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"வந்தாளா?"

"வந்தா. பேசவும் செஞ்சா. உங்க குடும்பத்துல வாய் இருக்கறது அவளுக்கு ஒருத்திக்குத்தான்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்." நடந்ததை எல்லாம் கொட்டினார். நியாயம் தன் பக்கம் என்று மனைவி சொல்வாள் என்ற நம்பிக்கையில், இடையிடையே, "நீயே சொல்லு, நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றும் கேட்டுக்கொண்டார்.

அவள் துவைத்து வந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். இரண்டு சட்டைகளை மடித்து வைத்தாள்.

"நான் உங்க சாட்சிய எத்தனை தரம் கேட்டிருப்பேன்? முதல் வரிசையில உக்காந்து கேட்டிருக்கேன். நீங்க சொல்ற ஒவ்வொரு தரமும் எங்க அண்ணன் திரும்பப் போய் அந்தச் சுவத்துல மோதுது. எல்லாரும் உங்களைப் பாத்து அழுவாங்க. நான் அதைப் பாத்து அழுவேன். நீங்க சொன்ன கதைக்குத்தான் அழறேன்னு நினைச்சுக்குவீங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?" என்றாள். மூன்றாவது சட்டையை எடுத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாஸ்டர் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். திங்கட்கிழமை வகுப்புகளுக்கு நடுவே மச்சானின் கடைக்குப் புறப்பட்டார். நேரில் போய், முகத்துக்கு முகம் பார்த்து, 'மன்னித்துவிட்டேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது என்று தீர்மானம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அப்படியே மச்சானை வாலிபர் கூடுகைக்கும் கூட்டிவந்து, மேடையில் வைத்துக் கட்டிப்பிடித்தால் சாட்சிக்கு எப்பேர்ப்பட்ட முடிவு கிடைக்கும் என்றும் வழியில் ஒரு நினைப்பு ஓடியது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா!

மச்சானுடையது சாவிக்கடை. இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் இருந்தது. சுவரெல்லாம் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மச்சான் பழைய சாவியை ஒரு பக்கமும் புதுச் சாவியை ஒரு பக்கமும் மெஷினில் மாட்டி, பழையதின் பற்களை ஒட்டியே புதியதை வெட்டிக்கொண்டிருந்தார். பித்தளைத் தூள் பறந்தது. மாஸ்டரைக் கண்டதும் அவர் கை ஒரு கணம் நின்றது, மறுபடி ஓடியது.

"மச்சான், நான் உன்னை மனசார..."

கிர்ர்ர்ர் என்றது மெஷின்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

கிர்ர்ர்ர்.

பக்கத்தில் ஒருவர் வந்து, "அண்ணே, இந்தச் சாவி உள்ள போகுது, ஆனா திரும்ப மாட்டேங்குது," என்று நீட்டினார். மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார், மறுபடி மெஷினைப் போட்டார். மாஸ்டருக்குப் பொறுமை பறந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய, "உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வந்தேன்!" என்று கத்தினார். அதே நொடியில் மச்சான் மெஷினை நிறுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. சாவி கொண்டுவந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு நழுவினார்.

"தெரியுமே," என்றார் மச்சான். "ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியாச் சொல்ற."

"அதான் இப்ப நேர்ல..."

"மாப்ள, நான் ஒண்ணு கேக்கறேன், குறுக்க பேசாத. ஆஸ்பத்திரியில உன் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, என்னை மன்னிச்சிடுன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

மாஸ்டர் யோசித்தார். அரைமணி நேரச் சாட்சியில் இந்த இடம் இல்லை. இருந்தும் ஞாபகம் வந்தது. "பரவாயில்லன்னு சொன்னேன்."

"'பரவாயில்ல, விடு மச்சான்'னு சொன்ன. கால்ல கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, நீ பரவாயில்லங்கற! என்ன பெரிய மனசுன்னு வீட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் பாத்தா, என்கிட்ட மட்டும்தான் பரவாயில்ல, மைக்குல எல்லாம் பரவாயிருக்கு!" மச்சான் கையிலிருந்த பித்தளைத் தூளைச் சட்டையிலேயே துடைத்தார். "எது மாப்ள நிஜம்? ஒண்ணுமில்லாத விஷயம்னா அதை ஏன் இத்தனை பேர்கிட்ட சொல்ற? பெரிய விஷயம்னா அதை ஏன் என்கிட்ட சொல்லல? நான் கேட்டது மன்னிப்பு. நீ குடுத்தது பரவாயில்ல. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பரவாயில்லன்னு இல்லடா!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று மாஸ்டருக்கே சந்தேகம் வந்தது. கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் அந்தச் சனியன் பிடிச்ச ஃபோனைப் பாக்காம இருந்திருக்கக் கூடாதா நீ? அப்படி யாருடா கூப்பிட்டா? எந்த ராஜா கூப்பிட்டான்? ரோட்டுல பஸ் போனா நான் இன்னமும் தலையத் திருப்பிக்கறேன். முழங்கால் போட்டு ஜெபம் பண்ண முடியல. மூணாவது கியர் போடத் தெரியாத பசங்ககிட்ட மல்லுக்கட்டிச் சாகறேன். உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இப்பவும் வருது. இப்ப, இந்த நிமிஷம் வருது!"

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. எத்தனையோ மேடைகளில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்திருக்கிறார். இன்று அழுகை வந்தபோது கைக்குட்டையைத் தேடத் தோன்றவில்லை.

மச்சான் மெஷினின் மெயின் ஸ்விட்சையும் அணைத்தார். கவுண்ட்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, மாஸ்டருக்கு எதிரே நின்றார்.

"இதுக்குத்தான் மாப்ள நான் மன்னிப்பு கேட்டேன்," என்றார். "இப்பவும் கேக்கறேன். மன்னிச்சிடு."

மாஸ்டர் வாயைத் திறந்தார். எத்தனை சபையில், எத்தனை மைக்கில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தங்குதடையில்லாமல் வந்த வார்த்தை அது. தொண்டையில் நின்றது. இன்னொரு தரம் முயன்றார். பொய்யாகச் சொல்லிவிடலாம், மச்சான் நம்பவும் நம்புவார். ஆனால் எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு கூசியது.

"வரல மச்சான்," என்றார். "எவ்வளவோ பாக்கறேன். வரமாட்டேங்குது."

மச்சான் உள்ளேயிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு. நின்னா கால் வலிக்கும்."

உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் வெட்கத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. போதகர்.

"மாஸ்டர், நோட்டீஸ் அச்சுக்குப் போகுது. உங்க சாட்சிக்குத் தலைப்பு என்ன போடறது?"

"அந்தச் சாட்சிய எடுத்துடுங்க ஐயா."

"ஐயோ, ஏன்? பிள்ளைங்க அதுக்காகத்தானே வர்றாங்க?"

"அது இன்னும் நடக்கலைங்க ஐயா," என்றார் மாஸ்டர். போதகர் ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.

அடுத்த வகுப்புக்கு நேரமாயிற்று. மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சனிக்கிழமை உன் பொண்ணை அனுப்புவியா?"

"அவகிட்டதான் கேக்கணும். போய் என்ன சொல்லட்டும்?"

"அன்னைக்கு ஒரு சந்தேகம் கேட்டா. நான் முடிக்க விடல. வந்து முடிக்கச் சொல்லு. எனக்கு அதுக்குப் பதில் தெரியாதுன்னும் சொல்லிடு."

மச்சான் தலையாட்டினார். மாஸ்டர் படி இறங்கி நாலடி நடந்திருப்பார்.

"மாப்ள!"

திரும்பினார்.

"நாளைக்கும் வா," என்றார் மச்சான். "நாளைக்கும் கேக்கறேன்."